எவரெஸ்ட் அடிவாரப் பாதையின் ஷெர்பா விடுதிகள்: நெல்லையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கில் கூடாரம் சுமக்க வேண்டியதில்லை. விமானம் இறங்கும் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் போகும் வழியெல்லாம் சில மணி நேர நடைக்கு ஓர் ஊர் வரும். ஊருக்கு நாலைந்து விடுதியாவது இருக்கும், பெரும்பாலானவை ஷெர்பா குடும்பங்கள் நடத்துபவை. ‘டீ ஹவுஸ்’ என்று பெயர், ஆனால் படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, கணப்பு எல்லாமே கிடைக்கும். அந்த விடுதிகளையும், அவற்றைச் சேர்த்துக் கட்டி விற்கப்படும் பேக்கேஜ்களையும் பற்றியது இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விடுதிகள் நம்பத் தக்கவை, சாப்பாடு நம் வயிற்றுக்கு ஒத்துப்போகும், உபசரிப்பில் குறையே இல்லை. பயணத்தைக் கெடுப்பது பேக்கேஜ்களின் நாள் கணக்கு. அறை எப்படி, மெத்தை எப்படி என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை இரவு, எந்தெந்த ஊரில் என்று கேளுங்கள்.

காரணம் உயரம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படைக் கணக்கு. பாக்டிங் 2,610 மீட்டர், அடுத்த நாள் நாம்சே பஜார் 3,440. ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம், அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு. டெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, அங்கேயும் இரண்டு இரவு. பிறகு லோபுச்சே 4,940, கோரக் ஷெப் 5,164, அடிவார முகாம் 5,364. குறைந்த விலைப் பேக்கேஜ்கள் முதலில் கைவைப்பது டிங்போச்சேயின் இரண்டாவது இரவில்தான். அதை வெட்டினால் நாம்சேயிலிருந்து மூன்றே நாளில் 1,500 மீட்டர் ஏறி லோபுச்சேயில் படுக்க வேண்டிவரும். அன்றிரவு தலைவலி, குமட்டல், சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு என்று ஆரம்பிக்கும். மிச்சம் பிடித்த ஒரு நாளுக்காக மொத்தப் பயணமும் அங்கேயே முடிந்துபோகும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டும். பொதிகை உச்சியே 1,868 மீட்டர்தான். தோரணமலைப் படிகளில் எட்டுக் கிலோ பையோடு வாரம் மூன்று நாள் ஏறி இறங்கினால் காலும் மூச்சும் தேறும், அதைக் கட்டாயம் செய்யுங்கள், இரண்டு மாதமாவது. ஆனால் உயரம் பழகுவதற்கு நம் மாவட்டத்தில் மலையே கிடையாது. உடற்பயிற்சிக்கூடம் போகும் இளவட்டங்கள்தான் அங்கே முதலில் விழுகிறார்கள், காரணம் வேகம். வழிகாட்டிகள் ஓயாமல் சொல்லும் நேபாளிச் சொல் ‘பிஸ்தாரி, பிஸ்தாரி’. நம் பேச்சில் சொன்னால் பைய, பைய. பக்கத்தில் வருபவரோடு மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

அறையில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஒட்டுப்பலகைச் சுவர், இரண்டு கட்டில், மெத்தை, தலையணை, கேட்டால் ஒரு கனத்த போர்வை. பக்கத்து அறை இருமல் இங்கே கேட்கும். கணப்பு சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான், அதுவும் பொழுது சாயும்போது மூட்டி, இரவுச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் அணையவிடுவார்கள். காய்ந்த யாக் சாணம்தான் எரிபொருள். படுக்கையறையில் இரவு பாட்டில் தண்ணீர் உறையும், கழிப்பறை வாளியும் உறையும். ஆகவே மைனஸ் 10 டிகிரிக்குத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக் அவசியம். காத்மாண்டு தமேல் கடைகளில் அதையும் இறகுக் கோட்டையும் வாடகைக்கு எடுக்கலாம். ஜிப் கீழிருந்து மேல்வரை ஓடுகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பார்த்து வாங்குங்கள். செல்போன், பவர் பேங்க், தண்ணீர் வடிகட்டி மூன்றையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். குளிரில் பேட்டரி இறங்கிவிடும். வடிகட்டிக்குள் தண்ணீர் உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது, வடிகட்டாத தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே விதி: பகலில் சட்டையின் உள்பையில், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள். உறைந்த இன்சுலின் உதவாது.

அறை வாடகை வியப்பூட்டும் அளவு குறைவு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, எழுதியும் வைத்திருப்பார்கள்: இரவும் காலையும் அங்கேயே சாப்பிட வேண்டும். அவர்கள் வருமானமே சமையலறையில்தான். படுக்கையை இங்கே போட்டு, சாப்பாட்டுக்கு அடுத்த விடுதிக்குப் போவது பெரிய அவமரியாதை. மேலே போகப் போக விலை ஏறும். கோரக் ஷெப்பில் ஒரு தட்டுச் சாப்பாடு நேபாள ரூபாயில் ஆயிரத்தை ஒட்டி வரும். கொள்ளை என்று நினைக்க இடமில்லை. லுக்லாவுக்கு மேல் மோட்டார் வண்டிப் பாதை கிடையாது, அரிசியும் கேஸும் மனித முதுகிலும் விலங்கு முதுகிலும்தான் ஏறுகின்றன. சார்ஜ் போட, வெந்நீரில் குளிக்க, வைஃபைக்கு எல்லாம் தனிக் காசு. நாம்சே தாண்டினால் ஏடிஎம் கிடையாது. நம் ஒரு ரூபாய்க்கு நேபாளத்தில் 1.60, 1993 முதல் மாறாத விகிதம். கணக்குப் போட்டு நாம்சேயிலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிடுவது? கண்ணை மூடிக்கொண்டு தால் பாத். சோறு, பருப்பு, ஒரு காய்கறி வெஞ்சனம், ஊறுகாய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், மேல் ஊர்களில் சில இடங்களில் ஒரு முறை மட்டும். மெனு அட்டையில் பீட்சாவும் பாஸ்தாவும் இருக்கும், அவற்றைச் சமைக்க நேரமும் எரிபொருளும் அதிகம், சுவையும் இராது. 4,400 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூட்டில் பருப்பு வேகாது. அதனால் எந்தச் சமையலறையில் எட்டிப் பார்த்தாலும் குக்கர் இருக்கும், விசில் சத்தம் கேட்டால் நம் வீடு மாதிரியே தோன்றும். நாம்சேக்கு மேல் கறி வேண்டாம். ஷெர்பாக்கள் பௌத்தர்கள், கும்புவில் உயிர்க்கொலையைத் தவிர்ப்பவர்கள். தட்டில் வரும் இறைச்சி கீழே வெட்டி நாள்கணக்கில் சுமந்து வந்தது.

ஷெர்பா வீட்டுச் சமையலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ‘ஷ்யக்பா’ என்பது கையால் கிள்ளிப்போட்ட மாவும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கெட்டிக் குழம்பு, குளிருக்கு அதைவிட நல்ல சாப்பாடு அந்த மலையில் இல்லை. ‘ரிகிகுர்’ உருளைக்கிழங்கைத் துருவிக் கல்லில் ஊற்றும் அடை, மேலே வெண்ணெய். நம் அடை போலவே ஓரம் முறுகியிருக்கும். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை டீ என்று நினைத்துக் குடித்தால் முகம் சுளிக்கும், ரசம் என்று நினைத்துக் குடியுங்கள், இறங்கிவிடும். வீட்டுக்காரர் ‘ஷே, ஷே’ என்று கோப்பையை மீண்டும் மீண்டும் நிரப்புவார். நம் ஊரில் இலையில் கையை மறைத்தாலும் ‘இன்னுங் கொஞ்சம்’ என்று சோறு விழுவதுபோலத்தான், ஒரே வாய் குடித்துவிட்டு எழுந்தால் மனம் நோகும்.

வீட்டிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய், சுக்குக் கருப்பட்டி எடுத்துப் போகலாம். உயரத்தில் பசியே செத்துவிடும், அப்போது ஒரு துளி புளிக்காய்ச்சல் சோற்றை இறக்கும். குளிர்ந்த வறண்ட காற்றால் வரும் ‘கும்பு இருமல்’ தொண்டையைப் புண்ணாக்கும். வாயையும் மூக்கையும் துணியால் மூடி நடப்பதும், சூடாகச் சுக்குத் தண்ணீர் குடிப்பதும் இதம். அல்வா வேண்டாம், நெய் உறைந்து கல்லாகிவிடும். கடலைமிட்டாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

கூடத்தின் நடுவில் இருக்கும் அடுப்பை வெறும் ஹீட்டர் என்று நினைக்கக் கூடாது. ஷெர்பா வீட்டில் அடுப்பு புனிதம். அதில் குப்பை, பேப்பர் போடக் கூடாது, காலை நீட்டிப் பாதத்தை அதற்குக் காட்டக் கூடாது. வழியில் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ பொறித்த மணிக்கற்களும் நீண்ட மணிச்சுவர்களும் வரும், அவை எப்போதும் நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். கோயிலை வலம் வரும் நமக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கும்ஜுங் ஊருக்கு மேல் நிற்கும் கும்பிலா காவல் தெய்வத்தின் மலை, யாரும் ஏறுவதில்லை. சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடும் ஊர்க்காரர்களுக்கு அந்த மரியாதையின் அர்த்தம் புரியும்.

பெயர்களும் அப்படித்தான். சுடலைமுத்து, இசக்கியம்மாள் என்றால் எந்தச் சாமியின் பிள்ளை என்று நமக்குத் தெரிகிறது அல்லவா, ஷெர்பா பெயரில் பெரும்பாலும் பிறந்த கிழமை தெரியும். நீமா ஞாயிறு, தாவா திங்கள், மிங்மா செவ்வாய், லாக்பா புதன், புர்பா வியாழன், பாசாங் வெள்ளி, பெம்பா சனி. இன்னொன்று: ஷெர்பா என்பது ஓர் இனத்தின் பெயர், ‘கிழக்கிலிருந்து வந்தவர்’ என்று பொருள். சுமை தூக்கும் வேலைக்கு அது பெயரில்லை. பாதையில் கூடையை நெற்றிப்பட்டையில் தாங்கிச் சுமப்பவர்களில் ராய், தமாங் இனத்தவர் நிறைய. அவர்களை ‘ஏ ஷெர்பா’ என்று கூப்பிடுவது இரட்டைத் தவறு. நேபாளியில் அண்ணாச்சிக்குச் சொல் ‘தாய்’, நம் காதுக்கு விசித்திரமாக இருந்தாலும் அப்படியே கூப்பிடுங்கள். விடுதிக்காரம்மாவை ‘தீதி’ என்றால் அக்கா.

சுமையாளருக்கு இரண்டு பேர் பொருளும் சேர்த்து 20, 25 கிலோவுக்கு மேல் கொடுக்காதீர்கள். அவருக்குக் காப்பீடு, குளிருடுப்பு, தங்குமிடம் தருகிறீர்களா என்று பேக்கேஜ்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த ஆளிடம் வாங்க வேண்டாம். நம் சௌகரியத்தைவிட இந்தக் கேள்விதான் ஒரு நிறுவனத்தின் தரத்தைச் சரியாகக் காட்டும்.

மருந்தில் ஒன்று மட்டும் விரிவாக. அசிட்டசோலமைட் என்ற மாத்திரை உயரம் பழக உதவும், தடுப்புக்குப் பொதுவாக 125 மில்லிகிராம் காலை, மாலை. விரல் நுனி மதமதக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்பா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கிளம்பும் முன் ஊரிலேயே கேட்டுவிடுங்கள். மாத்திரை இருக்கிறது என்று நாளைக் குறைக்கக் கூடாது. தள்ளாடி நடப்பது, பேச்சுக் குழறுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது ஆகியவை மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோப்பதன் அடையாளம். விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவானாலும் கீழே இறங்க வேண்டும். வழியிலுள்ள பெரிச்சே ஊரில் 1973 முதல் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவமனை நடைப் பருவங்களில் இயங்குகிறது, உயரநோய் பற்றி விளக்கமும் தருகிறார்கள், தவறவிடாதீர்கள். 6,000 மீட்டர்வரை ஹெலிகாப்டர் மீட்புக்குக் காப்பீடு எடுங்கள். ஆனால் லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் என்று அவசரப்படுத்தினால் நிதானியுங்கள், தேவையற்ற மீட்புப் பறப்புகளைப் பற்றி 2018இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது.

பருவம் மார்ச் முதல் மே, இல்லையேல் அக்டோபர், நவம்பர். ஐப்பசியில் தாமிரபரணி புரளும்போது அங்கே வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், டெங்போச்சே மடத்தின் மணி ரிம்து முகமூடி நடனத் திருவிழாவும் அந்தச் சமயத்தில்தான். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போகப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதாரை மட்டும் நம்பிப் போகக் கூடாது. சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,500, வரி தனி. பேக்கேஜில் முழுக் கட்டணம் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

நாள் ஒன்று இரண்டு கூட்ட முடியுமானால் தாமேக்குக் கொடுங்கள். நாம்சேயிலிருந்து மேற்கே அரை நாள் நடை, 3,800 மீட்டர், உயரம் பழகவும் கச்சிதம். டென்சிங் நோர்கே வளர்ந்த ஊர், எவரெஸ்ட்டில் 2025 வரை 31 முறை ஏறிய காமி ரிட்டா ஷெர்பாவின் ஊர். 2024 ஆகஸ்ட் 16 அன்று மேலே பனியாற்று ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வீடுகளையும் பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் அடித்துச் சென்றது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு அது என்னவென்று தெரியும். பேக்கேஜ்களில் பெரும்பாலும் இந்த ஊர் இருக்காது, கேட்டுச் சேர்க்க வேண்டும். பாக்டிங், நாம்சே இரண்டு இரவு, தாமே, கும்ஜுங், டெங்போச்சே, டிங்போச்சே இரண்டு இரவு, லோபுச்சே, கோரக் ஷெப், இறங்கும்போது பெரிச்சே, நாம்சே, லுக்லா: 13 இரவு.

அதற்குமேல் இரண்டு நாள் கையில் வையுங்கள். லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், சரிவில் அமைந்தது, மேகம் இறங்கினால் விமானம் கிடையாது, அநேகமாகக் காலையில்தான் பறக்கும். கூட்டப் பருவத்தில் காத்மாண்டுக்குப் பதில் ராமேச்சாப்பிலிருந்து கிளம்பும், அதற்கு நள்ளிரவிலேயே நாலைந்து மணி நேர வண்டிப் பயணம். விமானத்தில் மூட்டையும் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான் கொண்டுபோகலாம். திரும்பும்போது முந்தின நாள் மதியத்துக்குள் லுக்லா சேர்ந்து, விடுதிக்காரரிடம் டிக்கெட்டைக் கொடுத்து மறுநாள் இருக்கையை உறுதிசெய்யச் சொல்லுங்கள். காத்மாண்டிலிருந்து டெல்லி, சென்னை விமானத்தை அதே நாளில் போட்டுவிடாதீர்கள்.