ஒரு சுருட்டுக்கு 5,200 ரூபாய் கொடுக்கலாமா?

துபாயில் வேலை பார்க்கும் மகன் போன தீபாவளிக்கு வந்தபோது கொஹிபா என்கிற கியூபச் சுருட்டு மூன்று வாங்கி வந்தான். சிக்லோ 2 என்கிற வகை, ஒவ்வொன்றும் தனித்தனி அலுமினியக் குழாயில். விலையைக் கேட்டேன், சொல்லவில்லை. அப்புறம் அவன் பையில் கிடந்த ரசீதைப் பார்த்து நானே கணக்குப் போட்டேன். ஒன்று 5,200 ரூபாய். இங்கே தாண்டிக்குடி மலையில் காப்பிப் பழம் பறிக்க வருகிறவருக்கு அது கிட்டத்தட்ட பத்து நாள் கூலி.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பணத்துக்கு அந்தச் சுருட்டு தகுமா என்பது எனக்கு விளையாட்டுக் கேள்வி இல்லை. என் தாத்தா திண்டுக்கல்லில் சுருட்டு சுற்றியவர். ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டு செய்து கப்பலேற்றிய பெரிய காலம் ஓய்ந்த பிறகு, ஒரு சின்னப் பட்டறையில் பலகையைக் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்தார். பட்டறையில் ஒருவர் தினத்தந்தியைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே இப்படி வாசிப்பதற்கென்று ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள் என்று பின்னாளில் தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நான் பிடிப்பது மாதத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அறுவடை முடிந்து களத்தில் கொட்டை காய்கிற மாதங்களில், சாயங்காலம் வேலை ஓய்ந்த பிறகு. இப்படி ஆறு வருடத்தில் பல விலையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். உறையூர்ச் சுருட்டு பத்துப் பன்னிரண்டு ரூபாய். அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகள் கொண்டுவந்த பட்ரோன், நிகராகுவா சரக்கு, நம் பணத்தில் 900 ரூபாய்க்குள். மகன் இரண்டு வருடம் முன்பு ஒரு பெட்டியாகக் கொண்டுவந்த மான்டிகிறிஸ்டோ நம்பர் 4, ஒன்று 1,900 ரூபாய். கடைசியில் இந்தக் கொஹிபா.

நம்பர் 4, சிக்லோ 2 இரண்டுக்கும் அளவு ஒன்றே. நீளம் 129 மில்லிமீட்டர், பருமன் 42. பருமனை ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்காக எண்ணுவார்கள், ஆகவே 42 என்றால் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. நாடும் ஒன்று, கியூபா. அளவும் ஒன்று, விலை மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

முதல் கொஹிபாவை மூன்று வாரம் வைத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பற்றவைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், மிக நல்ல சுருட்டு. மேலிலை எண்ணெய் தடவியது போல் மினுமினுத்தது, நரம்பு கண்ணுக்கே தெரியவில்லை. முதல் இழுப்பில் காய்ந்த வைக்கோல் வாசம், அதன் பின்னால் தேன் மாதிரி ஒரு மென்மை. நடுவில் காப்பி வறுக்கிற சட்டியில் இருந்து கிளம்பும் முதல் வாசம் வந்து போனது. சாம்பல் விரற்கடை நீளத்துக்கு உதிராமல் நின்றது. தொண்டையில் எந்த இடத்திலும் குத்தவில்லை. முக்கால் மணி நேரம் நீடித்தது.

அடுத்த வாரம் அதே நாற்காலி, அதே நேரம், மான்டிகிறிஸ்டோ. இதில் மரச்சீவல் வாசம் தூக்கல். கொஞ்சம் சுக்கு, கொஞ்சம் கொக்கோ, கடைசிப் பகுதியில் மிளகுக் காரம். கொஹிபா அளவுக்கு வழவழப்பு இல்லை, ஆனால் குணம் இதில் அதிகம். எனக்கு இதுதான் பிடித்தது. மகனுக்குக் கொஹிபா. இரண்டும் ஒரே தரத்தில் அடுத்தடுத்த படி, அவ்வளவுதான். இரண்டரை மடங்கு வித்தியாசம் வாயில் தெரியவில்லை.

என் வாயை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவிடம் தொழில் கற்ற ஒருவர் திண்டுக்கல்லில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை. பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். வத்தலக்குண்டு வழியாக பஸ் பிடித்து, ஒரு கொஹிபா, ஒரு மான்டிகிறிஸ்டோ, ஒரு உறையூர்ச் சுருட்டு மூன்றையும் அவரிடம் கொண்டுபோனேன். அறுத்துப் பார்க்கலாம் என்றேன். மகன் போனில் பதறினான். பெரியப்பாவுக்கும் மனம் வரவில்லை.

"எதுக்குத் தம்பி அறுக்கணும்? தொட்டாலே தெரிஞ்சிடுமே."

"தொட்டது எனக்குப் புரியாது பெரியப்பா. நீங்க காட்டுனாத்தான் புரியும்."

முதலில் மூன்றையும் விரலால் உருட்டினார், காதருகே வைத்து லேசாக அழுத்திக் கேட்டார். பிறகு சவரக்கத்தி வாங்கி, நீளவாக்கில் மெதுவாக மேலிலையைக் கீறினார். உறையூர்ச் சுருட்டின் உள்ளே துண்டு இலைகள், நடுவில் ஒரு காம்பு. மற்ற இரண்டிலும் இலை முழு நீளத்துக்கு, விசிறி மடிப்பாக மடித்து வைத்திருந்தது. ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவில் காற்று போக வழி விட்டிருந்தார்கள். கறுத்த தடித்த இலை சரியாக நடுவில் இருந்தது. அது செடியின் உச்சியில் வெயிலை நேராக வாங்கி வளர்கிற லிகெரோ. காரம் அதில்தான் இருக்கிறது, எரிவதும் மெதுவாகத்தான் எரியும், ஓரத்தில் வைத்தால் சுருட்டு கோணலாகப் போகும். நடுச்செடி இலையான செக்கோ வாசத்துக்கு, அடி இலையான வொலாடோ தீ அணையாமல் இருக்க. இந்தப் பெயர்களெல்லாம் பெரியப்பாவுக்குத் தெரியாது. ஆனால் எந்த இலை செடியில் எந்த உயரத்தில் பறித்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிவிட்டார்.

இரண்டின் இலைகளையும் தனித்தனித் தாளில் பரப்பி வெகுநேரம் பார்த்தார், முகர்ந்தார். "ரெண்டும் நல்ல கை. ரெண்டும் நல்ல இலை. இது" என்று கொஹிபாவைக் காட்டி, "இன்னும் ஒரு தடவை கூடப் புளிக்க வச்சிருக்கான். மேலுக்குச் சுத்துற இலையைப் பொறுக்கி எடுத்திருக்கான்" என்றார். சரியாகச் சொன்னார். கொஹிபாவுக்கு உள்ளே வைக்கும் செக்கோ, லிகெரோ இலைகளை மட்டும் மூன்றாவது முறையும் பீப்பாயில் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். காப்பிக் கொட்டையைத் தொட்டியில் புளிக்க வைத்துக் கழுவுகிற எனக்கு அதன் அருமை தெரியும். ஒவ்வொரு புளிப்புக்கும் நாள் வேண்டும், இடம் வேண்டும், கவனிக்க ஆள் வேண்டும். காசு அங்கே போவது நியாயம்.

விலையைச் சொன்னேன். பெரியப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல பாதி வெல, இலைக்கு இல்ல தம்பி" என்றார்.

நான் வந்து சேர்ந்த முடிவும் அதுவே. பத்து ரூபாய்க்கும் 900க்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. முழு இலை, வருடக்கணக்கில் பழக்கிய இலை, ஒரே சீரான கை. அந்தப் பட்ரோன் சுருட்டுகள் ஐந்து பிடித்தேன், ஐந்தும் அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி இருந்தன. 900க்கும் 1,900க்கும் நடுவே வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அது ருசியின் திசையில்தான். கியூபாவில் பினார் தெல் ரியோ மாகாணத்தின் வுவெல்டா அபாஹோ வட்டாரத்துச் சிவப்பு மண்ணில் விளைந்த இலைக்கென்று ஒரு வாசம் உண்டு, அது வேறெங்கும் வராது. நம் மலையின் விருப்பாச்சி வாழையைக் கீழே சமவெளியில் வைத்தால் அந்த வாசம் வருமா? வராது. அதற்குக் காசு கொடுக்கலாம். 1,900ஐத் தாண்டி நீங்கள் கொடுப்பதில் பெரும்பங்கு பெயருக்கும் தட்டுப்பாட்டுக்கும்.

கொஹிபா என்கிற அந்தப் பெயரின் கதை பெரியதுதான். 1966இல் தொடங்கியது. ஃபிடல் காஸ்ட்ரோவுக்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கவும் ஹவானாவின் எல் லகிட்டோ மாளிகையில் சுற்றினார்கள். 1982இல்தான் கடைக்கு வந்தது. 2022இல் கொஹிபாவின் விலையை உலகம் முழுக்க ஹாங்காங் விலைக்கு இணையாக ஏற்றினார்கள், பல ஊர்களில் ஒரே நாளில் விலை எங்கோ போய்விட்டது. அதே வருடம் செப்டம்பரில் இயான் புயல் பினார் தெல் ரியோவில் கரையேறி, இலை காயவைக்கும் கொட்டகைகளை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. 2018இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் மலை வரைக்கும் வந்தது. நிழலுக்கு நின்ற என் சில்வர் ஓக் மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. அதனால் அந்த விவசாயிகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் புயலில் கொட்டகை இழந்தவரின் கைக்கு இந்த 5,200இல் எவ்வளவு போகும் என்று யோசித்தால் மனசு ஆறவில்லை.

விலையைவிட முக்கியமான ஒன்றை மலைக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றின் ஈரம் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. துணி காயாது, தோல் செருப்பு பூத்துப்போகும். மான்டிகிறிஸ்டோ பெட்டி வந்த வருடம், முதல் வாரத்திலேயே ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அப்படியே நின்றது, இரண்டு தடவை அணைந்தது. குறை சுருட்டில் இல்லை, நான் அதை மழைக்காலத்தில் வெறும் அலமாரியில் வைத்ததில்தான். மீதியை ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத டப்பாவுக்கு மாற்றி, ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்துகிற பொட்டலம் ஒன்றைப் போட்டு, இரண்டு மாதம் தொடாமல் விட்டேன். அதே பெட்டிச் சுருட்டு, ஆனால் வேறு சரக்காக வெளியே வந்தது. நேராக எரிந்தது, வாசம் தெளிந்தது. மொத்தச் செலவு ஆயிரத்துச் சொச்சம். தேக்குப் பெட்டியெல்லாம் வேண்டாம்.

ஈரம் காட்டுகிற மீட்டரைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு மூடியில் கல்லுப்பைப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவந்து, மீட்டரோடு சேர்த்து ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். மறுநாள் அது 75 காட்ட வேண்டும். என்னுடையது 79 காட்டியது. அந்த நாலைக் கழித்துத்தான் இன்று வரை படிக்கிறேன், காப்பி வைக்கும் அறைக்கும் அதே மீட்டர்தான். வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வெக்கையில் இருப்பவர்களுக்கு வேறு தொல்லை. சூட்டில் புகையிலை வண்டு பொரித்து ஊசித்துளை போட்டுவிடும். நன்றாகக் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து வெளியே எடுங்கள்.

ஏமாந்த கதையும் உண்டு. நான்கு வருடம் முன்பு ஒரு நகரத்துக் கடையில் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கொஹிபா என்று காட்டி ஒன்றுக்கு 1,500 வாங்கினார்கள். உள்ளே பொடி இலை, வாயெல்லாம் கசப்பு. கொஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை என்று அன்று எனக்குத் தெரியாது. அப்புறம் நிஜமான கியூபச் சுருட்டிலேயே ஒன்று அடைத்துக்கொண்டு இழுவையே வராமல் போனது. கையால் சுற்றுவதில் அது நடக்கும். 5,200 ரூபாய்ப் பொருளில் அது நடந்தால் எப்படி வலிக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

உடம்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் வாயின் உட்சதை வழியாகவே ஏறும். சுருட்டுப் புகையின் காரத்தன்மை அதற்கு வழி செய்கிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கும். வாய்ப் புற்றுநோய்க்கு விலை தெரியாது, கொஹிபாவுக்கும் உறையூருக்கும் அதில் ஒரே நீதி. வருடத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைக் காட்டுகிறேன். இதுவரை பிடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்கினால் எனக்கு வருத்தமாக இருக்கும். இன்னொன்று, மாசி முதல் சித்திரை வரை தோட்டத்தில், காட்டோரத்தில் நான் தீக்குச்சியே உரசுவதில்லை. இந்த மலையில் அந்த மாதங்களில் தீ எப்படி ஓடும் என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

அன்றைக்கு அறுத்த கொஹிபாவைப் பெரியப்பா வீணாக்கவில்லை. கீறிய மேலிலையை ஒதுக்கிவிட்டு, உள் இலைகளைத் திரும்பவும் மடித்து, தன்னிடம் இருந்த திண்டுக்கல் இலை ஒன்றை ஈரத்துணியில் பதப்படுத்தி அதன் மேல் சுற்றிக் கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதம் டப்பாவில் வைத்துப் பிடித்தேன். தொடக்கத்தில் நம்மூர் இலையின் காரம், அது அடங்கியதும் அந்தத் தேன் வாசம், கடைசி வரை நேரான எரிப்பு.

மூன்றாவது கொஹிபா மகனுக்கு. பொங்கலுக்கு வரும்போது மான்டிகிறிஸ்டோ நம்பர் 4 பெட்டி ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன். பெட்டிக்கு 25, வரி இல்லாமல் ஒரு பயணி கொண்டுவர அனுமதியும் 25. அதில் இரண்டு பெரியப்பாவுக்கு, பிடிக்க அல்ல, அறுத்துப் பார்க்க.