டெல்லி டீசல் கார் சல்லிசாக வருகிறதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

சென்னையைச் சுற்றியுள்ள யூஸ்டு கார் யார்டுகளில் டெல்லி வண்டிகள் குவிகின்றன. "சிங்கிள் ஓனர், துரு இல்லை, நம்மூர் வண்டியைவிட ஒன்றரை லட்சம் கம்மி" என்பார்கள். துரு இல்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். டெல்லியில் உப்புக் காற்று கிடையாது. பிரச்சினை பேப்பரில்.

பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதி 2020 ஏப்ரல் 1-இல் வந்தது. டீசல் கார் விடலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது. புகைத்துகள் 25-லிருந்து 4.5. அதற்கான ஃபில்டரும் கன்வெர்ட்டரும் சின்ன காரின் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. மாருதி டீசலையே விட்டது. மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்குச் சின்ன டீசல் கார் வேண்டுமென்றால் பழையதுதான் கதி. இன்னொரு பக்கம், 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் ஓடக்கூடாது என்றானது (2025-இல் உச்ச நீதிமன்றமே இதைத் தளர்த்தியது). 2022 ஜனவரி முதல் அங்கே பதிவையே நீக்கத் தொடங்கினார்கள், என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கி வெளிமாநிலம் கொண்டுபோகலாம் என்று ஒரு வழி மட்டும் விட்டார்கள். அங்கே தள்ளிவிட வேண்டிய அவசரம், இங்கே தேடுபவரின் அவசரம். நடுவில் யார்டுக்காரர்.

தாம்பரத்தில் ஒருவருக்கு நடந்தது இது. 2014 மாடல் எஸ்.யூ.வி., முழுப் பணமும் கொடுத்தாயிற்று. கைக்கு வந்தது ஆர்.சி., கையெழுத்து மட்டும் போட்ட பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30, என்.ஓ.சி.யின் ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸில் இருந்ததோ ஜெய்ப்பூர் ஆர்.டி.ஓ. பெயர். தாம்பரம் ஆர்.டி.ஓ.வில் ஏற்க மறுத்துவிட்டார்கள். அந்த என்.ஓ.சி.யை ரத்து செய்து புதிதாக வாங்க டெல்லி ஓனர் ஒத்துழைக்க வேண்டும், ஓ.டி.பி. போவது பதிவில் இருக்கும் மொபைலுக்கு. அந்த நம்பர் ஒரு புரோக்கருடையது, இப்போது ஸ்விட்ச்டு ஆஃப். யார்டில் கேட்டால் "நாங்க கமிஷனுக்கு வித்தவங்க சார்" என்கிறார்கள். வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது.

எனவே முதலில் ஒரிஜினல் என்.ஓ.சி., அதாவது ஃபார்ம் 28. அதில் உங்கள் ஆர்.டி.ஓ. பெயரே இருக்க வேண்டும். கே.கே. நகர் என்றால் டி.என். 09, மீனம்பாக்கம் 22, தாம்பரம் 11. "தமிழ்நாடுன்னு இருந்தா போதும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு லோன், சலான், பிளாக்லிஸ்ட் மூன்றையும் நீங்களே பாருங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். "இது டெல்லி இல்லை, ஹரியானா வண்டி" என்பதும் ஏமாற்றுதான். குருகிராம் எச்.ஆர். 26, நொய்டா யு.பி. 16 இரண்டும் அதே தடைக்குள் வந்தவைதான்.

அடுத்து லைஃப் டேக்ஸ், அதாவது இங்கே கட்ட வேண்டிய சாலை வரி. யார்டுக்காரர் சொல்லும் கணக்கு பொதுவாக நீங்கள் கொடுக்கும் விலையை வைத்து இருக்கும். ஆர்.டி.ஓ. பார்ப்பது வண்டி புதிதாக இருந்தபோதைய விலையை. 4 லட்சத்துக்கு வாங்கிய வண்டியின் பழைய இன்வாய்ஸ் 14 லட்சமாக இருக்கும். வயதுக்கேற்ப விகிதம் குறையும் என்றாலும், 2023 நவம்பரில் தமிழ்நாடு வரியை உயர்த்தியதை மறக்க வேண்டாம்; 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான புது காருக்கே இப்போது 18 சதவீதம். வரித்தொகையை ஆர்.டி.ஓ.விலேயே கேட்டு, அதைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். பல வண்டிகளில் அந்த ஒன்றரை லட்சம் லாபம் இங்கேயே கரைந்துவிடும்.

ஆர்.சி.யில் பதிவு எதுவரை செல்லும் என்பதையும் பாருங்கள். 15 வருடம் முடிந்தால் எஃப்.சி., பசுமை வரி, புதுப்பிக்க 5,000 ரூபாய்.

சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். 17 எழுத்தும் ஒரே ஆழம், ஒரே இடைவெளியில் விழ வேண்டும். ஆங்கில ஐ, ஓ, க்யூ அதில் வராது. தெரிந்தால் ஒன்று நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள், இல்லை யாரோ தட்டியிருக்கிறார்கள். அதே நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து ஹிஸ்டரி கேட்டால் மீட்டர் குறைத்திருப்பதும் தெரிந்துவிடும்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தேர்டு பார்ட்டி தானாக வரும். உங்கள் வண்டிக்கான டேமேஜ் கவர் வராது. வேறு மாநில நம்பரிலேயே 12 மாதத்துக்கு மேல் ஓட்டவும் முடியாது.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்க வேண்டும் என்பது மத்திய விதி. அந்தச் சான்று, ஃபார்ம் 29பி, கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு மாறும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்: பணம் கொடுத்த வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்துவைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. யார்டு ரசீதில் "கமிஷன் ஏஜென்ட்" என்று அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள். பணம் யார் கணக்கில் விழுந்தது என்பதை ஆதாரத்தோடு காட்டுங்கள்.