எபிஸ்கோப்பல் சபையின் இலையுதிர்காலம்: எதற்குப் போகலாம், எதில் கவனம் வேண்டும்

அமெரிக்காவின் பாஸ்டன், கனெக்டிகட் பக்கம் புதிதாகக் குடிவரும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி, நம்ம ஊர் ஆராதனை ஒழுங்கு இங்கே எங்கே கிடைக்கும் என்பதுதான். எபிஸ்கோப்பல் திருச்சபை என்பதே பதில். 1947 செப்டம்பர் 27 அன்று மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவான சிஎஸ்ஐயும் இதுவும் இன்று இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த சபைகளின் கூட்டமைப்பான ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருக்கின்றன. திருவிருந்து ஒழுங்கு, குருவானவரின் அங்கி, சபை வருடத்தின் நிறங்கள் எல்லாம் பழகியவையாகவே இருக்கும். கோடையில் பாடகர் குழு விடுமுறையில் இருக்கும், ஆராதனையும் பல இடங்களில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆகவே முதல்முறை போக ஏற்ற காலம் செப்டம்பர் முதல் திங்களான லேபர் டே கழிந்து, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆயத்தக் காலமான அட்வென்ட் தொடங்கும் வரையிலான மூன்று மாதங்கள். நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களின் சபைகளை மனதில் வைத்து அந்த மூன்று மாதங்களையே இங்கே மதிப்பிடுகிறோம். எங்கள் கருத்து இதுதான்: கைவேலையிலும் வழிபாட்டிலும் இந்தச் சபைகள் மிகச் சிறந்தவை. புதியவருக்கு எதையும் விளக்கிச் சொல்வதில் பின்தங்கியவை. அதனால் வாசலில் வரவேற்புக்காகக் காத்திராமல் சமையலறை வழியாக உள்ளே போங்கள்.

லேபர் டேக்கு அடுத்த ஞாயிறு அல்லது அதற்கடுத்த ஞாயிறு பருவத் தொடக்க நாள். அன்றிலிருந்து பெரும்பாலும் இரண்டு ஆராதனைகள். காலை எட்டு மணிக்கு நடப்பது பழைய ஆங்கிலத்தில், பாட்டில்லாமல், முக்கால் மணி நேரத்தில் முடியும். பத்து அல்லது பத்தரை மணிக்கு நடப்பதில் பாடகர் குழு, ஆர்கன், ஓய்வுநாள் பள்ளி எல்லாம் உண்டு. குழந்தைகளோடு வருபவர்களுக்கு இரண்டாவதுதான் சரி.

கையில் இரண்டு புத்தகங்கள் வரும். ஒன்று 1979 ஜெபப் புத்தகம். பழைய நடை திருவிருந்து 323ஆம் பக்கத்தில், இக்கால நடை 355ஆம் பக்கத்தில் தொடங்கும். மற்றது 1982 பாட்டுப் புத்தகம். புதியவர்கள் தடுமாறுவது இதில்தான். ஆராதனைத் தாளில் 'எஸ் 125' என்று இருந்தால் அது 125ஆம் பாட்டு அல்ல. எஸ் வரிசை புத்தகத்தின் முன்பகுதியில் இருக்கும் ஆராதனை இசை. பாட்டுகளின் எண்வரிசை அதற்குப் பிறகே ஒன்றிலிருந்து தொடங்கும். இதை யாரும் அறிவிப்பதில்லை, பலர் முதல் மூன்று வாரம் தவறான பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முழு ஆராதனையையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தரும் சபைக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் மதிப்பெண் தரலாம்.

ஞானஸ்நானம் பெற்ற எவரும் திருவிருந்துக்குப் போகலாம். அப்பம் வேண்டாதவர் இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்தால் குருவானவர் ஆசீர்வாதம் மட்டும் சொல்வார். சபையில் சேர ஊரிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழும் சபை மாற்றுக் கடிதமும் கொண்டுவாருங்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானத்தை அவர்கள் மறுபடி கொடுப்பதில்லை.

பாடகர் குழுவில் சேரவும் செப்டம்பர்தான் நேரம். டிசம்பர் கீதப் பவனிக்கான ஒத்திகை அக்டோபரிலேயே தொடங்கிவிடும், நடுவில் நுழைவது கடினம். ஸ்டாஃப் நொட்டேஷன் எனும் ஐந்துகோட்டு இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடத் தெரிந்த பாளையங்கோட்டை, நாகர்கோவில் பக்கத்து ஆல்டோக்களையும் டெனர்களையும் இங்கே உடனே சேர்த்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்கான இறையியல் வகுப்பு வேண்டுமென்றால், டென்னசியின் செவானியில் உள்ள சவுத் பல்கலைக்கழகம் நடத்தும் நான்கு ஆண்டுப் பாடத்திட்டம் பல சபைகளில் வாராந்திரக் குழுவாக நடக்கிறது. அதுவும் பெரும்பாலும் செப்டம்பரில்தான் தொடங்கும். வீட்டில் வாசிக்க நிறைய உண்டு, இரவு வேலை பார்ப்பவர்கள் யோசித்துச் சேர வேண்டும்.

அக்டோபர் 4 அசிசியின் பிரான்சிஸ் நாள். அதையொட்டிய சனி அல்லது ஞாயிறு பிற்பகலில் வளர்ப்பு மிருகங்களை ஆசீர்வதிப்பார்கள். நியூயார்க்கின் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயத்தில் இது பெரிய விழா, அங்கே ஒட்டகம்கூட வெண்கலக் கதவு வழியாக உள்ளே வந்திருக்கிறது. சிறிய சபைகளில் புல்வெளியில் அரைமணி நேரத்தில் முடியும். ஜெபப் புத்தகத்தில் இதற்கென்று தனி ஒழுங்கு இல்லாததால் தரம் குருவானவரைப் பொறுத்தது. நன்றாக நடத்துபவர்கள் பூனைகளையும் முயல்களையும் முதலில் ஆசீர்வதித்து அனுப்பிவிட்டு, பிறகு நாய்களுக்கு வருவார்கள். பூனை மேல் தண்ணீர் தெளிப்பது தவறு, அது கூண்டுக்குள்ளேயே மிரண்டு பிறாண்டும். கூண்டின் மேல் கை வைத்து ஜெபித்தால் போதும். கூண்டைப் பாதி துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். நாய்க்கு நீளும் கயிறு வேண்டாம். கூட்டத்தில் இரண்டு கயிறுகள் சிக்கினால் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். ஆறடிக்கு மேல் போகாத சாதாரணக் கயிறு நல்லது. தண்ணீர்க் கிண்ணமும் கழிவுப் பையும் உங்களுடையதாகவே இருக்கட்டும். செத்துப்போன பிராணியின் படத்தோடு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கென்று ஒரு நிமிடம் ஒதுக்கும் சபையை நம்பலாம்.

இந்தப் பருவத்தில் நாங்கள் குறைவாக மதிப்பிடுவது அக்டோபர், நவம்பரில் நடக்கும் காணிக்கை வாக்குறுதி இயக்கம். அதன் தேவையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, நடத்தும் விதத்தில்தான் குறை. வெஸ்ட்ரி எனப்படும் சபைக் கமிட்டி அடுத்த ஆண்டு பட்ஜெட் போட வேண்டும். குருவானவரின் சம்பளம், கொதிகலனுக்கு எண்ணெய், மறைமாவட்டத்துக்குச் செலுத்தும் பங்கு எல்லாம் அதில் அடங்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை வருகிறது: வாரத்துக்கு இவ்வளவு, அல்லது மாதத்துக்கு, அல்லது வருடத்துக்கு. ஆனால் சேர்ந்து இரண்டு மாதம் ஆகாதவர்களுக்கும் அதே கடிதம் போவது சங்கடமாக இருக்கிறது, எதற்கு எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கும் பல கடிதங்களில் இல்லை. ஊரில் சபைக்குக் கட்டும் சங்கக் காணிக்கை ரசீதுபோல் நினைத்துப் பயப்பட வேண்டாம். அட்டையில் எழுதுவது கடன் பத்திரம் அல்ல. வேலை போனாலோ, விசா முடிந்து ஊர் திரும்பினாலோ பொருளாளருக்கு ஒரு வரி எழுதி மாற்றிக்கொள்ளலாம். சிறிய தொகையானாலும் எழுதிக் கொடுப்பது நல்லது, ஏனென்றால் கமிட்டி கணக்குப் போடுவது எழுதிவந்த தொகையை வைத்துத்தான். காசோலையிலோ எண்ணிட்ட உறையிலோ கொடுத்தால் ஆண்டு இறுதியில் கணக்கு வரும். ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்து வரிச்சலுகை கோருபவர்களுக்குச் சபையின் எழுத்துமூல ரசீது கட்டாயம் வேண்டும். இதோடு ஒப்பிட்டால் 1889இல் தொடங்கிய ஐக்கிய ஸ்தோத்திரக் காணிக்கையின் நீல அட்டைப்பெட்டி எவ்வளவோ மேல். நன்றி சொல்லத் தோன்றும்போதெல்லாம் சில்லறை போட்டு, சபை சொல்லும் ஞாயிறன்று கொண்டுபோய்ப் படைக்க வேண்டும். குழந்தைகளுக்குக் காணிக்கை பழக்க இதைவிட நல்ல பொருள் இல்லை.

இனி, இந்தப் பருவத்தில் சபைகள் நடத்தும் விற்பனைச் சந்தை. அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிக்கும். ஆனால் இங்கே ஏலம் மௌனமாக நடக்கும். பொருளின் முன்னால் உள்ள தாளில் முந்தைய தொகைக்கு மேல் குறிப்பிட்ட அளவு கூட்டி எழுத வேண்டும், நேரம் முடிந்ததும் தாளை எடுத்துவிடுவார்கள். கடைசி ஐந்து நிமிடம் மேசை அருகில் நில்லுங்கள். பழைய பொருட்கள் பகுதியில் பீங்கான், கம்பளிக் கோட்டு, குளிர்காலக் காலணி முதலியவை முதல் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு பை நிறைய ஒரே விலை என்று விற்கும் சபைகளும் உண்டு. அதில் புத்தகங்களும் குழந்தைத் துணிகளும்தான் லாபம். சில்லறையாகப் பணம் கொண்டுபோங்கள்.

சந்தையின் நட்சத்திரம் ஆப்பிள் பை (pie), அதாவது மாவுக்குள் ஆப்பிள் நிரப்பிய பண்டம், சுடாமல் உறையவைத்து விற்பது. வாங்கும் முன் எந்த ஆப்பிள் என்று கேளுங்கள். மெக்கின்டாஷ் மட்டும் போட்டால் சுட்டதும் கூழாகிவிடும். கார்ட்லேண்ட் துண்டாக நிற்கும், வெட்டினாலும் சீக்கிரம் கறுக்காது. இரண்டையும் கலந்தால் சுவையும் கடியும் சேரும். நார்தர்ன் ஸ்பை கிடைத்தால் விடாதீர்கள். 9 அங்குலத் தட்டுக்கு ஆறிலிருந்து எட்டு ஆப்பிள், அதாவது சுமார் ஒன்றே கால் கிலோ வேண்டும். வேகும்போது பழம் அமுங்கும் என்பதால் குவியலாக நிரப்பியிருக்க வேண்டும். மேல்மாவு தட்டையாக இருந்தால் பழம் குறைவு என்று பொருள். வீட்டில் அது உருகட்டும் என்று காத்திருக்காதீர்கள், உருகும் சாறு அடிமாவை ஊறவைத்துவிடும். அடுப்பில் ஒரு தகரத் தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்குங்கள். உறைந்த பையின் மேல்மாவில் நான்கு கீறல் போட்டு அந்தச் சூடான தட்டின் மேல் வைத்து 20 நிமிடம், பிறகு 375க்குக் குறைத்து 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். கீறல் வழியே சாறு கெட்டியாகக் கொதித்து வந்தால் வெந்துவிட்டது. ஓரம் முன்னதாகக் கருகினால் அலுமினியத் தாளால் மூடுங்கள்.

அந்தப் பை தயாரிக்கும் சனிக்கிழமைதான் புதியவருக்கு உண்மையான வாசல். கைப்பிடி சுற்றித் தோல் சீவும் கருவி முன்னால் ஒருவர், மாவு உருட்ட இருவர், பட்டையும் சர்க்கரையும் கலக்க ஒருவர் என்று மேசை ஓடும். ஆராதனைக்குப் பிறகு நடக்கும் காபி ஹவரில் கோப்பையோடு நின்று இரண்டு மாதத்தில் கிடைக்காத அறிமுகம் இங்கே இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும். பெயர் கொடுக்க அழைப்பு வேண்டாம், வாசல் பலகையில் தாள் தொங்கும்.

சமையலறையில் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு முக்கியமான தகவல். நூறு கோப்பைக் காபிப் பாத்திரம் சுமார் 1500 வாட் இழுக்கும். இங்குள்ள 15 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பு தாங்குவது 1800 வாட். அதே சுவரில் இன்னொரு சூடேற்றும் பாத்திரத்தைச் செருகினால் மின்சாரம் துண்டிக்கும், ஆராதனை முடியும்போது காபி இருக்காது. தனி இணைப்பில், குளிர்ந்த தண்ணீரோடு, ஒரு மணி நேரத்துக்கு முன்பே தொடங்குங்கள். பொதுவிருந்துக்கு எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனால் வேர்க்கடலை, முந்திரி இருக்கிறது என்று பெரிதாக எழுதி வையுங்கள். கடலை ஒவ்வாமை இங்கே விளையாட்டு அல்ல.

வழிபாட்டில் பருவத்தின் உச்சம் சகல பரிசுத்தவான்கள் திருநாள். நவம்பர் 1 அதன் தேதி, பெரும்பாலான சபைகள் தொடர்ந்து வரும் ஞாயிறில் கொண்டாடும். ஞானஸ்நானத்துக்கு ஜெபப் புத்தகம் சிறப்பாகப் பரிந்துரைக்கும் நாட்களில் இதுவும் ஒன்று. அன்று சபை முழுவதும் தன் ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதுப்பிக்கும். அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். உங்கள் வீட்டுப் பெயர்களையும் கொடுக்கலாம், அக்டோபர் கடைசிக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பெயரோடு உச்சரிப்பையும் அசை பிரித்து ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அப்பாவின் பெயர் பலிபீடத்தின் முன் சிதைந்து கேட்பது தாங்க முடியாத ஒன்று. வாசிப்பவரிடம் முன்னதாக ஒருமுறை சொல்லிக் காட்டினால் இன்னும் நல்லது. திருநெல்வேலிச் சுவிசேஷ மரபில் வந்தவர்களுக்கு மரித்தோருக்காக ஜெபிப்பது நெருடலாக இருக்கலாம். 1979 புத்தகத்தில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. யாரையும் வற்புறுத்துவதில்லை, பெயர் கொடுக்காமல் அமர்ந்திருப்பதும் சரியே. மற்றவர்களுக்கு, ஊரில் நடந்த அடக்க ஆராதனைக்குப் போக முடியாத துக்கத்தை இறக்கிவைக்க ஆண்டில் இதைவிட நல்ல ஞாயிறு கிடையாது.

அந்த ஞாயிறு அதிகாலையில்தான் கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்னே போகும். இரண்டும் நவம்பர் முதல் ஞாயிறு என்பதால் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். சுவர்க்கடிகாரத்தை நம்பி வந்தால் ஒரு மணி நேரம் முன்னால் வந்து குளிரில் நிற்பீர்கள். கல் கட்டடங்களில் வெப்பம் ஏற நேரம் பிடிக்கும். பாஸ்டனின் ஓல்ட் நார்த் தேவாலயம் போன்ற பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடங்களில் கதவு வைத்த உயரமான பெட்டி இருக்கைகள் இருப்பதற்குக் குளிரும் ஒரு காரணம். அக்டோபர் நடுவிலிருந்து மேல்கோட்டைக் கழற்றாமல் அமருங்கள்.

நவம்பர் நான்காம் வியாழன் நன்றி நாள். அதற்கும் ஜெபப் புத்தகத்தில் தனி ஜெபமும் வாசகங்களும் உண்டு. ஆராதனை புதன் மாலையோ வியாழன் காலையோ, சிறியதாக, நிம்மதியாக இருக்கும். உணவுக் கூடைக்குக் கொடுப்பவர்கள் பட்டியலைப் பார்த்துக் கொடுங்கள். உறைந்த வான்கோழி கொடுப்பதானால் முந்தின வாரமே சேர்த்துவிட வேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் வீதம் உருக நேரம் பிடிக்கும். கூடை வாங்கும் வீட்டில் அடுப்பு இல்லாமலும் இருக்கலாம். டப்பா மூடி இழுத்துத் திறக்கும் வகையாக இருந்தால் உதவி.

நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறு அட்வென்ட் தொடக்கம். அன்றோ முந்தின நாளோ வீட்டுக்கான பசுமை வளையம் செய்யும் பட்டறை இருக்கும். நான்கு மெழுகுவர்த்தி, வளையச் சட்டம், இலைகள் எல்லாம் சபையே தரும், ஒரு சிறு கட்டணம் கேட்பார்கள். கிளை வெட்டும் கத்தரியும் கையுறையும் மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள். நனைத்த பூ அலங்காரப் பஞ்சில் செருகிய பாக்ஸ்வுட் செடிக் கிளை வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றினால் நான்கு வாரமும் தாங்கும். கம்பியில் கட்டிய பைன் இரண்டாம் வாரமே உதிரத் தொடங்கும், காய்ந்த ஊசியிலைகளுக்கு நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றக் கூடாது.