ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள்: எங்கள் ஊர் ஜிம்மில் எனக்கு நடந்தது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னப் பட்டணம் எங்களுடையது. பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஜிம் எது என்று தெரிந்துவிடும், நான் யார் என்றும் தெரிந்துவிடும். அப்பா எந்தத் தோட்டம், எந்த லயம் என்று இரண்டு கேள்வி கேட்டே ஆளைக் கண்டுபிடித்துவிடும் ஊர் இது.

நான் கே, அதாவது ஆண்களை நேசிக்கும் ஆண். வயது 26. போன வருடம் இரவுச் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் மூன்று பேர் என் மோட்டாரை மறித்து, நான் நடக்கும் விதத்தைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அன்றைக்கே முவாய் தாய் என்கிற தாய்லாந்துக் குத்துச்சண்டையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1998-ல் பாங்காக்கின் லும்பினி அரங்கில் முகத்தில் ஒப்பனையோடு ஏறி ஜெயித்த நோங் தூம் பற்றிப் பள்ளி நாட்களிலேயே படித்திருக்கிறேன். அவர் பின்னாளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பெண்ணாகவே வாழ்கிறார். அந்த விளையாட்டில் எனக்கும் ஓர் இடம் இருக்கும் என்று நம்பினேன்.

ஆனால் மலேசியாவில் எந்த ஜிம் நம்மை ஏற்கும் என்று வாசலைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2023 மே மாதம் ஸ்வாட்ச் கடைகளில் வானவில் நிறக் கைக்கடிகாரங்களை, அந்த நிறங்கள் நம்மைப் போன்றவர்களின் அடையாளம் என்பதால், உள்துறை அமைச்சு பறிமுதல் செய்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, சரி. ஆனாலும் ஒரு கடிகாரத்துக்கே இந்தப் பாடு என்றால் எந்த ஜிம்காரர் கதவில் வானவில் ஒட்டுவார்? அதனால் நானே கேட்டுவிட்டேன். கடைவீட்டு மாடியில் இருக்கும் அந்த ஜிம்மின் மாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: “மாஸ்டர், நான் கே. இதுவரை எதுவும் கற்றதில்லை. வரலாமா?” ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “இங்க எல்லாரும் ஒண்ணுதான் தம்பி. தைரியமா வா.”

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்றிரவு எவ்வளவு நேரம் தூங்காமல் கிடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் போனேன். மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்), ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 1,200 என்றார். பதிவுக் கட்டணம் 80. கையுறையும் கால் கவசமும் அவரிடம்தான் வாங்க வேண்டுமாம், அது 260. ஆக 1,540 வெள்ளியை அங்கேயே நின்று போனிலேயே அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு “உனக்கு நான் அண்ணன் மாதிரி, ரசீது எதுக்கு?” என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

முதல் வாரம் நன்றாகவே போனது. கையில் துணி சுற்றுவது, நிற்கும் முறை, ஜேப் என்கிற நேர்க்குத்து, உதை. இரண்டாம் வாரம் கிளின்ச் ஆரம்பித்தார்கள். எதிராளியின் கழுத்தைக் கட்டிப் பிடித்து முட்டியால் இடிப்பது. உடம்போடு உடம்பு ஒட்டித்தான் செய்ய வேண்டும். ஜோடி பிரிக்கும்போது என் பக்கம் ஒருவரும் வரவில்லை. நான் எழுதிய செய்தியை மாஸ்டர் எல்லாரிடமும் காட்டியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. “நீ மூலையில பேக் அடி” என்றார். அன்றிலிருந்து அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவே இல்லை.

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். வகுப்பில் தமிழில்தான் எண்ணுவோம். இருபது பேர் வரிசையாக நின்று முட்டி தூக்குவோம், மாஸ்டர் எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது வரும்போது நிறுத்தி, என் பக்கம் திரும்பி, இழுத்துச் சொன்னார். வரிசை முழுக்கச் சிரித்தது. என் முட்டி பாதி உயரத்தில் நின்றுவிட்டது. ‘ஒன்பது’ என்று நம் ஊரில் யாரைச் சொல்வார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் ஏழு, எட்டு வரும்போதே என் வயிறு இறுகிவிடும். பன்னிரண்டு வயதுப் பையன்கள்கூடக் காத்திருந்து சிரித்தார்கள்.

நான்காம் வாரம் என்னை ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், இறக்கினார். போட்டிக்குப் போகிற பையன், என்னைவிடப் பதினைந்து கிலோவாவது கூட இருப்பான். என்னிடம் பல் கவசம்கூட இல்லை. மூன்று நிமிடச் சுற்று என்றார்கள், மணி அடிக்கவே இல்லை. விலாவில் ஓர் உதை விழுந்ததும் மூச்சு நின்ற மாதிரி ஆனது. போதும் என்று கையைத் தூக்கினேன். அந்தப் பையன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் “தொடரு” என்றார். கிளினிக்கில் விலா எலும்பு உடையவில்லை, வீக்கம்தான் என்றார்கள். இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் பதிலையும் அப்படியே தருகிறேன்: “உங்க வீட்டுக்கு உன்னைப் பத்தித் தெரியுமா?”

இதற்காகத்தான் இந்தப் பதிவு. இந்தக் கேள்விக்குப் பயந்தே நம்மில் பலர் பணத்தை விட்டுவிடுகிறோம். ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைச் சொல்லி, தமிழ்நாட்டு நண்பர்கள் “377 தான் போய்விட்டதே” என்பார்கள். 2018 செப்டம்பரில் தளர்ந்தது இந்தியாவில். இங்கே அதே எண்ணில் சட்டம் அப்படியே இருக்கிறது, 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். அந்தப் பயத்தை வைத்துத்தான் இவர்கள் விளையாடுகிறார்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தச் சட்டம் செயலைப் பற்றியது, கேயாக இருப்பதே அதில் குற்றமில்லை. பெயரைக் கெடுப்பேன் என்று மிரட்டிக் காரியம் சாதிப்பதோ அதே தண்டனைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவில் குற்றம். வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாமல் வைத்திருக்கிறேன்.

பணத்துக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி ‘பாரம் 1’ என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பினால் போதும். வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இப்படி முன்பணம் வாங்கும் தொடர் சேவைகளுக்காகவே இருக்கிறது. நடுவில் விலகினால், நாம் ஏற்கெனவே பயன்படுத்தியதற்கும் வைத்துக்கொள்ளும் பொருளுக்கும் மேல், மொத்தத் தொகையில் ஐந்து விழுக்காடு மட்டுமே அவர்கள் பிடித்துக்கொள்ள முடியும். ஏன் விலகினேன் என்று பாரத்தில் என் வாழ்க்கையை எழுத வேண்டியதில்லை. பணம் கட்டினேன், ஜோடி தரவில்லை, அடிபட்டேன், விலகினேன். அவ்வளவுதான் எழுதினேன். ரசீது இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவு போனில் இருந்தது, அதைப் படியெடுத்து இணைத்தேன்.

புதிதாகச் சேரப்போகிறவர்களுக்கு: “என்னை ஏற்பீர்களா” என்று என்னைப்போல் முன்கூட்டியே கேட்காதீர்கள். பணம் வருகிறதென்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், உங்கள் ரகசியம்தான் அவர்கள் கைக்குப் போகும். அதற்குப் பதில் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். வகுப்பிலேயே மெதுவான ஆளிடம், குண்டான பையனிடம், புதுசாக வந்த பெண்ணிடம் மாஸ்டர் எப்படிப் பேசுகிறார்? யாராவது போதும் என்றால் நிறுத்துகிறாரா? யாரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்? மாதாமாதம் கட்டலாமா என்று கேளுங்கள். முகம் மாறினால் படி இறங்கிவிடுங்கள்.

இப்போது நான் வாரம் இரண்டு நாள் ஈப்போவுக்கு மோட்டாரில் போய் ஜியு-ஜிட்சு என்கிற பிடிச்சண்டையைக் கற்கிறேன். நாற்பது நிமிடப் பயணம், மழை நாளில் இன்னும் கூட. அங்கே சொல்லிக் கொடுப்பவர் ஓர் அக்கா. என்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் இதுவரை சொல்லவில்லை. முதல் நாள் பிடிப்போ பூட்டோ எதுவும் சொல்லித் தரவில்லை. பாயில் உட்காரவைத்து, என் கையைத் தன் தோளில் வைத்து, “தட்டு தம்பி” என்றார். தட்டினேன். “கேக்கல, நல்லா தட்டு.” மறுபடி தட்டினேன். “இதக் கேட்டதும் எதிராளி உடனே விடணும். விடலன்னா அவன் இங்க இருக்க மாட்டான்” என்றார்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. பாரம் நிரப்ப யாருக்காவது உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், ஊரும் பேரும் சொல்ல வேண்டாம்.