குட்டிக் குதிரையின் மடங்கிய கால்: ஊசியா, கட்டா, பைப் பட்டையா?

குதிரைக்குட்டி பிறந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். லாயத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு இது. முன்னங்கால் மடங்கியபடி பிறந்த குட்டியிடம் இந்தக் கணக்கு எடுத்ததுமே தவறிவிடும். குளம்புக்கு மேலே உள்ள கணு முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு, குட்டி குளம்பு நுனியில் தள்ளாடும். மோசமாக இருந்தால் கணுவின் முன்தோலே தரையில் உரசும். முட்டி நிமிராத குட்டிகளும் உண்டு. ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்பார்கள். காலின் பின்பக்கத் தசையும் தசைநாரும் எலும்பின் நீளத்துக்குப் பற்றாமல் குட்டையாக இருப்பதுதான் விஷயம். ஏன் இப்படி ஆகிறது என்பது பல குட்டிகளில் பிடிபடுவதே இல்லை.

வைத்தியத்துக்கு முன்னால் சீம்பால். குட்டியைத் தாங்கிப் பிடித்து மடியில் சேர்க்கலாம். முடியாவிட்டால் கறந்து பாட்டிலில் கொடுக்கலாம். உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்கு மருத்துவர் மூக்கு வழியே குழாய் விட்டு ஊற்றுவார். முதல் சில மணி நேரத்துக்குள் உள்ளே போனால் நல்லது. ஒரு நாள் கழிந்துவிட்டால் அதிலுள்ள எதிர்ப்புப் புரதத்தைக் குடல் ஏற்காது. கால் அடுத்த வாரம்கூட நிமிரும், சீம்பாலுக்கு அந்த அவகாசம் கிடையாது.

அப்புறம் கையால் ஒரு சோதனை. குட்டியைப் படுக்க வைத்து, மடங்கிய மூட்டை மெதுவாக நீட்டிப் பார்க்க வேண்டும். முழுக்க நிமிர்கிறதா, பாதி வருகிறதா, அசையவே மாட்டேன் என்கிறதா? எந்த வைத்தியம் என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது. இதைச் செய்யாமலே காலில் வைத்துக் கட்டப் பைப்பைத் தேடி ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

லேசான மடக்கம் என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கெட்டியான தரையில் தாயோடு கொஞ்ச நேரம் நடக்க விட்டு, மீதி நேரம் லாயத்தில் படுக்க விட்டாலே சில நாளில் சரியாகிவிடும். நாள் முழுக்க ஓட விடுவது தப்பு. களைத்து வலி எடுத்தால் குட்டி காலை இன்னும் மடக்கும்.

அடுத்த கட்டத்தில்தான் போட்டி. ஒரு பக்கம் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி. நாம் அறிந்த அதே ஆன்டிபயாடிக்தான், ஆனால் அளவு வேறு. கிருமிக்குக் கொடுக்கும்போது கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டாது. மடங்கிய காலுக்கு 50 கிலோ குட்டிக்கு 2 முதல் 3 கிராம் வரை போகிறார்கள், சலைனில் கலந்து, ரத்தக்குழாய் வழியே, மெதுவாக. தசைநாரில் உள்ள செல்கள் கொலாஜன் இழைகளை இழுத்து இறுக்குவதை இந்த மருந்து தடுக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பிறந்த முதல் சில நாட்களில் போட்டால்தான் பலன். மருந்து வேலை செய்தால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும், தேவைப்பட்டால் மறுபடி போடுவார்கள்.

இதில் இரண்டு வில்லங்கம். ஒன்று, சிறுநீரகம். பால் குடிக்காமல் உடம்பில் நீர் வற்றிய குட்டிக்கு இந்த அளவு ஆபத்து, அதனால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எவ்வளவு என்று பார்க்காமல் போடக் கூடாது. இரண்டாவது, மருந்து நான்கு காலுக்கும் போகும். முன்னங்கால் நிமிரும்போது, நன்றாக இருந்த பின்னங்கால் தளர்ந்து கணு தரையை நோக்கி இறங்கலாம். இது பெரும்பாலும் தானாகவே சரியாகும், ஆனாலும் முதல் தடவை பார்ப்பவருக்குப் பகீரென்று இருக்கும்.

இன்னொரு பக்கம் கட்டும் பட்டையும். பஞ்சைத் தடிமனாகச் சுற்றி இறுக்கும் வெறும் கட்டே காலை ஓரளவு தளர்த்தும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பிவிசி பைப்பை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து, ஓரங்களைச் சூடுகாட்டி வெளிப்பக்கம் வளைத்து, காலின் பின்பக்கம் வைத்துக் கட்டுவார்கள், இதுதான் பட்டை. பஞ்சு பைப்பின் இரு முனையையும் தாண்டி வெளியே தெரிய வேண்டும். பிறந்த குட்டியின் தோல் அவ்வளவு மெல்லியது, எலும்பு மேடுகளில் சில மணி நேரத்திலேயே புண் விழும். நாலு முதல் ஆறு மணி நேரம் கட்டி, பிறகு அவிழ்த்துத் தோலைப் பார்த்து, கொஞ்ச நேரம் விட்டுக் கட்டுவதுதான் முறை. ராத்திரியில் அவிழ்க்க ஆள் இல்லாத இடத்தில் பட்டை கட்டவே கூடாது என்பேன். மாவுக்கட்டு போட்டால் அடிக்கடி அவிழ்க்கும் வேலை மிச்சம்தான். ஆனால் உள்ளே புண் வந்தால் தெரியாது, கழற்றும்போது தசைநார் ரொம்பவே தளர்ந்திருக்கவும் கூடும்.

கணு மடக்கம், கையால் நிமிர்கிறது, குட்டி நன்றாகப் பால் குடிக்கிறது என்றால் என் ஓட்டு ஊசிக்கும் வெறும் கட்டுக்கும்தான். ஓரிரு நாளில் அசைவில்லை என்றால் பட்டை. முட்டி மடக்கத்துக்கு ஊசியை மட்டும் நம்ப முடியாது, அங்கே பட்டை சீக்கிரமே வர வேண்டியிருக்கும். பாதிதான் நிமிர்கிறது என்றால் வருகிற அளவுக்கு மட்டும் கட்டி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். வலுக்கட்டாயமாக நிமிர்த்திக் கட்டினால் புண்தான் மிஞ்சும்.

குளம்பு நுனியை நீட்டும் லாடத்தைப் பற்றியும் கேட்பார்கள். பிறந்த குளம்பு மெத்தென்று இருக்கும், ஆணி அடிக்க வழியில்லை. ஒட்டும் வகைதான், அதுவும் குளம்பு கொஞ்சம் கெட்டிப்பட்ட பிறகு, நுனியில் நிற்கும் குட்டிக்கு மட்டும்.

முட்டியின் முன்பக்கம் மெத்தென்று வீங்கியிருந்தால் நின்று யோசியுங்கள். காலை முன்னே நீட்டும் தசைநார் அறுந்திருக்கலாம். அந்தக் குட்டியும் தடுக்கித் தடுக்கித்தான் நடக்கும், பார்த்தால் மடக்கம் போலவே இருக்கும், சில சமயம் இரண்டும் சேர்ந்தே வரும். அறுந்தது மட்டும்தான் என்றால் ஊசிக்கு வேலை இல்லை. கட்டும் ஓய்வும் போதும், தையல்கூடப் போடாமல் ஆறிவிடும்.

கையால் அசைக்கவே முடியாத முட்டிக்குத் தசைநாரை வெட்டி விடும் அறுவை உண்டு. மூட்டின் உறையே சுருங்கிப் போயிருந்தால் அதுவும் உதவாது. இப்படிப்பட்ட குட்டியின் உரிமையாளரிடம் மருத்துவர் கருணைக்கொலை பற்றி முதல் வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது.