காருக்கு ட்ராக்கர்: திருகோணமலையில் நான்கு வருடம் பாவித்த அனுபவம்

எங்கள் வீடு உப்புவெளியில். கார் 2014 வேகன் ஆர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பாவித்த கார்களின் விலை ஏறத் தொடங்கியது. தனியார் பாவனைக்கான இறக்குமதி திரும்பத் திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடமும் கார் களவு போனால் அதே மாதிரி இன்னொன்றை வாங்குவது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். போதாததற்கு என்னிடம் இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தான். களவுக்கு அதில் ஒரு சதமும் கிடைக்காது.

2021இல் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு, கார் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ட்ராக்கர் ஒன்று வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, கராஜில் ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி சொக்கெட்டில் செருகினால் போதும், வயர் வேலை எதுவும் இல்லை. போனில் வரைபடமும் புள்ளியும் அழகாகத் தெரிந்தன. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அந்த வருடக் கடைசியில் மச்சானுக்குத் தெரிந்த ஒருவர், தம்புள்ளையில் இருந்து உறவினரைக் கூட்டி வரவேண்டும் என்று இரண்டு நாளைக்குக் காரைக் கேட்டார். கொடுத்தேன். மூன்றாம் நாள் அவருடைய போன் வேலை செய்யவில்லை. செயலியைத் திறந்தால், திருகோணமலையில் இருந்து ஹபரணை, தம்புள்ளைப் பக்கம் போகும் ஏ6 வீதியில் கந்தளாய் தாண்டிய ஓரிடத்தில் புள்ளி நிற்கிறது. கடைசித் தகவல் முந்திய நாள் இரவு 11.40க்கு வந்தது. கருவியைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியதும் எச்சரிக்கை வந்துதான் இருக்கிறது. ஆனால் பற்றரியை மிச்சம் பிடிக்கிற அமைப்பு என் போனில் போட்டிருந்தபடியால் சத்தமே வரவில்லை. பொலிஸில் முறைப்பாடு செய்து ஐந்தாம் நாள் தம்புள்ளைப் பக்கம் ஒரு கராஜ் வளவில் கார் கிடைத்தது. யாருடைய கடனுக்கோ ஈடாக விட்டிருந்தார்கள். அந்த ஐந்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கார் எங்கே நிற்கிறது என்று காட்டுவது ஒரு வேலை, அதை மீட்டுத் தருவது வேறு வேலை என்பது எனக்கு விளங்கியது அதற்குப் பிறகுதான். இரண்டாவதைக் கருவி தனியாகச் செய்யாது.

கருவி செய்வது இவ்வளவுதான்: குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞையை வாங்கித் தான் இருக்கும் இடத்தைக் கணிக்கும், பிறகு உள்ளே இருக்கும் சிம் வழியாக அதைச் சேவர் என்கிற இணையக் கணினிக்கு அனுப்பும், அங்கிருந்துதான் நம் போனுக்கு வரும். வெட்டவெளியில் சில மீற்றர் வித்தியாசத்துக்குள் இடத்தைச் சரியாகச் சொல்லிவிடும். செய்மதி தெரிந்தாலும் போன் டவர் கிடைக்காத இடத்தில் தகவல் நமக்கு வராது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் காட்டுப் பகுதியில் என் போனே அடிக்கடி சிக்னல் இழக்கும். ஹபரணைச் சந்தியில் வீதி தம்புள்ளைக்கு ஒரு பக்கம், பொலன்னறுவைக்கு ஒரு பக்கம், மரதன்கடவல வழியாக அநுராதபுரத்துக்கு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். அதற்கு முன்னால் புள்ளி நின்றுபோனால் எந்தப் பக்கம் தேடுவது? ஊரை விட்டு வெளியேறும் வழிகளோ மிகக் குறைவு. ஏ6, ஹொரவப்பொத்தானைப் பக்கம் போகும் ஏ12, கிண்ணியா மூதூர் வழியாக மட்டக்களப்புக்கு ஏ15, வடக்கே நிலாவெளி குச்சவெளி வழியாகப் புல்மோட்டைக்கு ஒன்று. ஆகவே எங்கள் ஊரில் முதல் அரை மணி நேரம்தான் பெரிது.

இரண்டாவதாக வயரில் இணைக்கும் கருவி ஒன்றை ஒரு நிறுவனத்திடம் போட்டேன். 24 மணி நேரமும் ஆள் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிறு இரவு சோதித்துப் பார்க்கலாம் என்று மூன்று முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. அடுத்த நாள் கேட்டால் ஞாயிறில் ஆள் குறைவு என்றார்கள். களவு கிழமை பார்த்தா வருகிறது? வருடக் கட்டணம் முடிந்ததும் விட்டுவிட்டேன். வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: காசு கட்டுவதற்கு முன் அவர்களுடைய இலக்கத்துக்கு அதிகாலை இரண்டு மணிக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். தமிழில் பேச ஆள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதற்றத்தில் வேற்று மொழியில் சந்தியின் பெயரைச் சொல்லி விளங்கப்படுத்துவது லேசான வேலை இல்லை.

இப்போது இருப்பது மூன்றாவது. 4ஜியில் வேலை செய்வது, வயரில் இணைத்தது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்றது. அதோடு தனிப் பற்றரியில் ஓடும் சின்னக் கருவி ஒன்றும் காரில் வேறோர் இடத்தில் இருக்கிறது. அது நாளுக்கு இரண்டு முறை மட்டும் விழித்துத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். முதலாவதைக் கண்டுபிடித்து வெட்டுகிறவர் வேலை முடிந்தது என்று நினைப்பார் என்பதுதான் கணக்கு.

இந்த முறை எங்கள் வயரிங் அண்ணன் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நின்றேன். "தம்பி, லேசாப் பூட்டுற இடத்தில லேசாக் கழற்றலாம்" என்றார். டாஷ்போர்டைக் கழற்றி, மேலே தகரம் மறைக்காத இடமாகப் பார்த்து, காரின் சொந்த வயர்க் கட்டோடு அதே கறுப்பு டேப்பைச் சுற்றிக் கட்டினார். எந்த இடம் என்று மனைவிக்கும் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

தூரத்தில் இருந்தபடியே பெற்றோல் பம்பை நிறுத்தி என்ஜினை அணைக்கும் ரிலே, அதாவது மின் சுவிட்ச், வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். என்னிடம் இருக்கிறது, ஆனால் கார் நின்ற பிறகோ மிக மெதுவாகப் போகும்போதோ மட்டுமே வேலை செய்யும்படி வைத்திருக்கிறேன். ஓடுகிற காரில் என்ஜின் நின்றால் சில மிதிப்புகளுக்குப் பிறகு பிரேக் மிதி கல் மாதிரி இறுகி, மிதிக்கக் கஷ்டமாகிவிடும். திருடனும் அடிபடக்கூடாது, வீதியில் போகிற பிள்ளைகுட்டிகளும் அடிபடக்கூடாது.

கடற்கரை ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. இரண்டாம் வருடம் கருவி அடிக்கடி விட்டுவிட்டு வேலை செய்தது. திறந்து பார்த்தால் சிம் தொடும் பித்தளையில் பச்சைப் பூஞ்சணம் மாதிரிக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை. துடைத்து, கனெக்டருக்கு கிரீஸ் பூசிய பிறகு சரியாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு வருடமும் மாரி மழைக்கு முன்னால் பார்த்துவிடுகிறேன். வெயிலில் நிறுத்திய காரின் சூட்டில் உள் பற்றரியும் வீங்கும், ஆகவே அதையும் ஒருமுறை மாற்றினேன். இன்னொன்று, ஒரு மாதம் கொழும்பில் இருந்துவிட்டு வந்தபோது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ட்ராக்கர் இழுப்பது கொஞ்ச மின்சாரம்தான், ஆனால் பழைய பற்றரிக்கு அதுவே அதிகம்.

பொருட்களைத் தேட அப்பிள் விற்கும் சின்ன வில்லையான ஏர்டேக் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 2021இல் வந்த அந்தப் பொருளில் செய்மதியைப் பிடிக்கும் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. பக்கத்தில் போகிற ஐபோன்கள் அதைக் கண்டால்தான் உங்களுக்குத் தகவல் வரும். காட்டு வீதியில் அதை நம்ப முடியாது. போதாததற்கு, கூடவே ஒரு ஏர்டேக் வருகிறது என்று திருடனின் போனுக்கே அறிவித்தும் விடும். அமெரிக்காவில் 1986இல் வந்த லோஜாக் வேறு விதம். முறைப்பாடு போட்டதும் காரில் ஒளித்த கருவி வானொலி அலை அனுப்பியது, பொலிஸார் வண்டியில் இருந்த கருவியால் அதைப் பிடித்துக்கொண்டே தேடிப் போனார்கள். மீட்பதற்கென்றே உருவாக்கியது அது. இங்கே பொலிஸோடு அந்த இணைப்பை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

நான் செய்து வைத்திருப்பது: பதிவுப் புத்தகத்தின் படம், செசி இலக்கம், என்ஜின் இலக்கம், காரின் நாலு பக்கப் படங்கள், எல்லாம் போனில் ஒரே இடத்தில். மனைவியின் போனிலும் உண்டு. பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைத்தால் "செயலியில் காட்டுகிறது" என்று சொல்லாமல் வீதிப் பெயர், அருகில் உள்ள சந்தி, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வதற்குப் பழகியிருக்கிறோம். நாமே துரத்திப் போவதில்லை என்றும் முடிவு.

வருடத்தில் இரண்டு முறை மச்சான் எனக்குச் சொல்லாமல் காரை எடுத்துப் போவார், நான் வீட்டில் இருந்தபடி தேடுவேன். போன முறை பன்குளம் பக்கம் போய்விட்டார். நடுவில் இருபது நிமிடம் புள்ளி அசையவே இல்லை. சிக்னல் வந்ததும் கருவி சேர்த்து வைத்திருந்த அத்தனை புள்ளிகளும் வரிசையாக வந்து விழுந்தன, அவர் எந்த ஒழுங்கையில் திரும்பினார் என்பது வரை தெரிந்தது. அடுத்த முறை ஹபரணைப் பக்கம் போகச் சொல்லியிருக்கிறேன், இரவில்.