இங்கிலாந்தின் எழுத்தாளர் ஊர்கள்: ஒரு பயணத் திட்டச் சேவை பற்றிய மதிப்பீடு

இங்கிலாந்தின் பழைய ஊர்களை எழுத்தாளர்களின் வழியே சுற்றிப் பார்க்க விரும்புவோருக்கென்று ரயில் சீட்டு, தங்கும் விடுதி, நினைவில்லங்களின் நுழைவுச்சீட்டு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து, நாள்வாரி அட்டவணையும் ஒரு கையேடும் தரும் சேவையை இன்று பல பயண நிறுவனங்கள் விற்கின்றன. வழிகாட்டி உடன் வருவதில்லை. கையேட்டைப் பார்த்து நாமே போய்க்கொள்ள வேண்டியதுதான். நான் வாங்கிய திட்டம் லண்டனில் தொடங்கி, ஆக்ஸ்ஃபோர்ட், ஸ்ட்ராட்ஃபோர்ட், பாத், வின்செஸ்டர், ஹாவொர்த் ஆகிய ஊர்கள் வழியாகச் சென்று வடக்கே லேக் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் ஏரிப் பகுதியில் முடிந்தது. இதைத் தயாரித்தவர் வண்டியையும் அறையையும் கவனித்துக்கொள்ளும் கெட்டிக்காரக் குமாஸ்தாவைப் போல வேலை செய்திருக்கிறார். ஆனால் அந்த எழுத்தாளர்களைப் படித்தவராகத் தெரியவில்லை. பின்னால் நான் சொல்லும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்திலிருந்தே வருகின்றன.

முதலில் நிறைகள். இங்கிலாந்தின் எழுத்தாளர் இல்லங்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டின் ஷேக்ஸ்பியர் வீடுகள் ஓர் அறக்கட்டளையிடமும், ஹாவொர்த்தில் நாவலாசிரியைகளான பிராண்டி (Brontë) சகோதரிகளின் இல்லம் 1893இல் தொடங்கப்பட்ட பிராண்டி சங்கத்திடமும், ஏரிப் பகுதியில் குழந்தைகளுக்குக் கதை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டரின் ஹில் டாப் வீடு, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடமும் இருக்கின்றன. வின்செஸ்டர் போகும் வழியில் சாட்டனில் உள்ள நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் இல்லத்துக்குத் தனி அறக்கட்டளை உண்டு. ஓரிடத்தில் வாங்கிய சீட்டு இன்னோரிடத்தில் செல்லாது. ஹில் டாப் மிகச் சிறிய வீடு என்பதால் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே ஆட்களை உள்ளே விடுகிறார்கள். குளிர்காலத்தில் பல இல்லங்கள் மூடியே கிடக்கும். இத்தனைக்கும் தனித்தனியாக இணையத்தில் உட்கார்ந்து முன்பதிவு செய்வதை நினைத்தால், அந்த வேலையை இன்னொருவர் பிழையின்றி முடித்துக் கொடுப்பதற்குப் பணம் தரலாம் என்றே தோன்றுகிறது. விடுதிகளும் ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து போகக்கூடிய தொலைவில், சுத்தமாக இருந்தன. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ரயில் சீட்டு விஷயம் அவ்வளவு எளிதல்ல. அந்நாட்டில் முன்கூட்டியே வாங்கும் மலிவுச் சீட்டு குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். அந்த வண்டியைத் தவறவிட்டால் சீட்டும் போயிற்று. நிறுவனம் எல்லாப் பயணத்துக்கும் இத்தகைய சீட்டுகளையே வாங்கியிருந்தது. செலவு குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் ஓர் எழுத்தாளரின் வீட்டைப் பார்க்கப் போகிறவர் அங்கே எவ்வளவு நேரம் நிற்பார் என்று அவருக்கே தெரியாத நிலையில், மாலை 4 மணி வண்டிக்காகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அறை அறையாக விரைவது, வந்த நோக்கத்தையே கெடுத்துவிடுகிறது. பிரிட்டனுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு மட்டும் விற்கப்படும் பிரிட்ரெயில் பாஸ் விலை கூடுதல் என்றாலும், அதை வைத்திருந்தால் பெரும்பாலான வண்டிகளில் எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். இந்தத் தேர்வையாவது வாடிக்கையாளரிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஊர்களின் வரிசையும் சரியில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வடக்கே ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய், மறுபடி தெற்கே பாத்துக்கும் வின்செஸ்டருக்கும் இறங்கி, அங்கிருந்து நாட்டின் பாதி நீளத்தைக் கடந்து ஹாவொர்த் இருக்கும் யார்க்‌ஷயருக்கு ஏறுவது வீண் அலைச்சல். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஆல்டன் போய் சாட்டனைப் பார்த்துவிட்டு, ஆல்டனிலிருந்து நேர்ப் பேருந்தில் வின்செஸ்டர், பிறகு சவுத்தாம்ப்டனில் மாறி பாத், டிட்காட்டில் மாறி ஆக்ஸ்ஃபோர்ட், அதன்பின் ஸ்ட்ராட்ஃபோர்ட், கடைசியில் வடக்கு என்று வைத்தால், ஒரே திசையில் மெல்ல ஏறிப் போகலாம். வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் இது தோன்றியிருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டுக்கான பக்கங்களில் பாதியை ஹாரி பாட்டர் படப்பிடிப்பு நடந்த இடங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. போட்லியன் நூலகத்தின் டிவினிட்டி ஸ்கூல் கூடத்தைப் பற்றி எழுதும்போதும், 15ஆம் நூற்றாண்டின் அந்தக் கல் விதானத்தைவிடப் படத்தில் அது மருத்துவமனையாக வந்தது என்பதே பெரிதாகச் சொல்லப்படுகிறது. 1602இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்தில் வாசகராகச் சேருபவர், உள்ளே நெருப்போ சுடரோ ஏற்ற மாட்டேன் என்று இன்றும் உறுதிமொழி எடுக்கிறார் என்ற செய்தி கையேட்டில் இல்லை. தமிழ் வாசகர்கள் இந்த ஊரில் செய்ய வேண்டிய இன்னொன்றும் அதில் இல்லை. ஆங்கிலேயர்களுக்காக எழுதப்பட்ட கையேட்டில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. வால்டன் தெருவிலிருந்து பிரியும் ஒரு குறுகிய சந்தின் முடிவில் இருக்கும் செயிண்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில்தான் ஜி. யு. போப் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் தந்த அவர், 1908 பிப்ரவரி 11 அன்று காலமானார். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பதாக நம் மேடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். அந்த வாசகம் அங்கே இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் பாதிரியார் என்ற விவரங்களும், குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் இந்தக் கல்லை நிறுவினார்கள் என்ற செய்தியுமே ஆங்கிலத்தில் இருக்கின்றன. எனக்கு மேடைக் கதையைவிட இதுவே பிடித்திருக்கிறது: கடல் கடந்து போன ஓர் ஆசிரியரின் கல்லறைக்கு இங்கிருந்தவர்களும் பங்கு தந்திருக்கிறார்கள்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் திட்டம் ஓரளவு நன்றாகவே அமைந்திருந்தது. ஹென்லி தெருவில் ஷேக்ஸ்பியர் பிறந்ததாகக் கருதப்படும் வீடு எப்போதும் கூட்டமாக இருக்கும் என்பதால், கதவு திறக்கும் நேரத்துக்கே சீட்டு வாங்கித் தந்திருந்தார்கள். பழைய காலத்துப் பார்வையாளர்கள் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போன சன்னல் கண்ணாடியை உள்ளே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் பெயரும் அதில் இருக்கிறது. சுற்றுலாப் பயணி சுவரில் பெயர் எழுதும் பழக்கத்துக்கு இத்தனை கௌரவமான முன்னோர் இருப்பது சற்றுச் சிரிப்பூட்டுகிறது. கையேடு இரண்டே வரியில் கடந்துபோகும் நியூ பிளேஸ்தான் என் பார்வையில் இந்த ஊரின் முக்கியமான இடம். 1597இல் ஷேக்ஸ்பியர் வாங்கி, 1616இல் உயிர்விட்ட பெரிய வீடு அது. பிற்காலத்தில் அதன் உரிமையாளரான ஒரு பாதிரியார் 1759இல் அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார். இப்போது அங்கே இருப்பது ஒரு தோட்டம். வீடே இல்லாத இடத்துக்கு நுழைவுச்சீட்டா என்று கேட்கலாம். ஆனால் மற்ற வீடுகளில் பிற்காலத்தவர் தேடிக் கொண்டுவந்து வைத்த அந்தக் காலத்துச் சாமான்களைப் பார்த்து அலுத்த பிறகு, காலி நிலத்தில் நிற்பது கூடுதல் நேர்மையாகப் படுகிறது. ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில், தன் எலும்புகளை அசைப்பவனைச் சபிக்கும் நான்கு வரிகள் உள்ள கல்லையும் பார்த்துவிடலாம். ஆற்றங்கரை வழியே நடந்தே போகும் தூரம்தான்.

பாத் பற்றிய பகுதியில்தான் எனக்குக் கோபம் வந்தது. கே தெருவின் 40ஆம் எண் கட்டடத்தில் இருக்கும் ஜேன் ஆஸ்டின் மையத்தை ‘ஆஸ்டின் வாழ்ந்த இல்லம்’ என்று கையேடு குறிப்பிடுகிறது. அது தவறு. அது ஒரு கண்காட்சி; ஆஸ்டின் குடும்பம் அதே தெருவில் குடியிருந்த வீடு 25ஆம் எண். 1801 முதல் 1806 வரை பாத்தில் இருந்த காலத்தில் அவர் மிகக் குறைவாகவே எழுதினார். தொடங்கிய ஒரு நாவலையும் பாதியில் விட்டுவிட்டார். தந்தை 1805இல் இறந்ததும் அங்கேதான். ஆடை அணிகளோடு படம் எடுத்துக்கொள்ளும் கண்காட்சிக்கும் தேநீருக்கும் ஒரு முழு நாளை ஒதுக்கிய திட்டம், அவருடைய ஆறு நாவல்களும் அச்சுக்குத் தயாரான சாட்டனுக்கு ஒரு பிற்பகலின் மிச்சத்தை மட்டுமே விட்டுவைத்திருந்தது. பாத் அழகான நகரம்தான். தேன் நிறக் கல்லில் வளைந்து நிற்கும் ராயல் கிரசென்டை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நாவல்களில் அவர் காட்டும் பாத் பெரும்பாலும் அவருடைய பாத்திரங்கள் சலித்துக்கொள்ளும் ஊர் என்பதைத் திட்டம் வகுத்தவர் அறிந்திருக்க வேண்டும்.

சாட்டன் ஒரு சிற்றூர். ஆல்டன் ரயில் நிலையத்திலிருந்து சுமார் அரை மணி நேரம் நடக்க வேண்டும். 1809 முதல் 1817 வரை தாய், சகோதரி, ஒரு தோழி ஆகியோருடன் ஆஸ்டின் குடியிருந்த செங்கல் வீட்டில், சாப்பாட்டு அறையின் சன்னலோரம் அவர் எழுதிய மேசை இருக்கிறது. வால்நட் மரத்தால் ஆன, பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட, ஒற்றைக் காலில் நிற்கும் சிறிய பலகை. ஒரு மைக்கூடும் நான்கைந்து தாள்களும் வைத்தால் அதற்குமேல் இடம் இருக்காது. சன்னலுக்கு வெளியே சாலை. அன்று அதன் வழியே அஞ்சல் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எழுதத் தனி அறை இல்லாமல், வருவோர் போவோருக்கு நடுவில் இந்தப் பலகையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம். இதன் முன் பத்து நிமிடம் நின்றுவிட்டு வண்டிக்கு ஓடவைக்கும் அட்டவணையை நல்ல அட்டவணை என்று சொல்ல மாட்டேன். வின்செஸ்டர் பேராலயத்தில் உள்ள அவருடைய முதல் கல்லறைக் கல் அவருடைய குணத்தையும் மனத்தின் ஆற்றலையும் புகழ்கிறதே தவிர, நாவல் எழுதியவர் என்று ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. எழுத்தைக் குறிப்பிடும் பித்தளைத் தகடு 1872இல்தான் சுவரில் பதிக்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கலாம்.

ஹாவொர்த்தில் ஓர் இரவு தங்கவைத்ததற்காக நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் லீட்ஸிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்ப வைக்கின்றன. ஆனால் போய்ச் சேர்ந்த விதம் வேடிக்கை. கீத்லியிலிருந்து நீராவி ரயிலில் ஹாவொர்த் போகலாம் என்று அட்டவணையில் அழகாகப் போட்டிருந்தார்கள். ஆர்வலர்கள் நடத்தும் அந்தப் பாரம்பரிய ரயில் ஆண்டு முழுவதும் தினமும் ஓடுவதில்லை. எனக்குக் குறித்திருந்த நாளில் ஓடவில்லை. பேருந்தில்தான் போனேன். தொலைபேசியில் கேட்டபோது மன்னிப்பும் கேட்டார்கள், ரயில் கட்டணத்தையும் திருப்பித் தந்தார்கள்.

கற்கள் பதித்த செங்குத்தான பிரதான வீதியின் உச்சியில், தேவாலயத்துக்குப் பின்னால் பிராண்டி சகோதரிகளின் வீடு இருக்கிறது. முன்பக்கச் சன்னல்களுக்கு எதிரே கல்லறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 1850இல் இவ்வூரின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரசு அதிகாரி, இறப்பவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 26 என்றும், குழந்தைகளில் 41 விழுக்காட்டினர் ஆறு வயதுக்குள் இறக்கிறார்கள் என்றும் எழுதினார். குடிநீர் அந்த அளவுக்குக் கெட்டிருந்தது. சகோதரிகளில் ஒருவரான எமிலி 1848 டிசம்பரில் முப்பது வயதில் இறந்தார். இந்தப் பின்னணி தெரிந்தபின் அந்த நாவல்களில் வரும் மரணங்கள் மிகையாகத் தோன்றுவதில்லை. சகோதரிகள் இரவில் தங்கள் கதைகளைப் பேசிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடந்த சாப்பாட்டு மேசை அந்த வீட்டிலேயே இருக்கிறது. அதன் பரப்பில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து சிறியதாகக் கீறப்பட்டிருப்பதைப் பணியாளரிடம் கேட்டால் காட்டுவார்.

ஊரைத் தாண்டி மேட்டுப் புல்வெளியில் நடந்தால் டாப் விதன்ஸ் என்னும் இடிந்த பண்ணை வீடு வரும். வழிகாட்டிப் பலகைகளில் ஆங்கிலத்தோடு ஜப்பானிய எழுத்தும் உண்டு. எமிலியின் ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலில் வரும் வீட்டோடு இந்த வீட்டைப் பலர் இணைத்துப் பேசுகிறார்கள் என்றும், ஆனால் முழுமையாக நின்ற காலத்திலும் இது அவர் வருணித்த வீட்டைப் போல இருந்ததில்லை என்றும் பிராண்டி சங்கமே 1964இல் அங்கே ஒரு கல்வெட்டை வைத்துவிட்டது. வரும் கூட்டத்துக்காக உண்மையை வளைக்காத இந்தத் துணிவு பாத் பற்றி எழுதியவருக்கும் இருந்திருக்கலாம். மேலே ஒதுங்க இடமில்லை. காற்று ஓயாமல் அடிக்கும். மழைக்கான மேலங்கியும் நல்ல காலணியும் கட்டாயம். கையேடு இதை ‘இனிய உலா’ என்கிறது.

ஏரிப் பகுதியில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த டவ் காட்டேஜ் நன்றாகத் திட்டமிடப்பட்டிருந்தது. முன்பு மதுவிடுதியாக இருந்த, தாழ்ந்த கூரையும் மங்கிய வெளிச்சமும் உள்ள அந்த வீட்டின் மாடியில், குளிரைத் தடுக்கத் தங்கை டோரதி சுவரெங்கும் செய்தித்தாள் ஒட்டிய சிறிய அறையைத் தவறவிட வேண்டாம். கையேட்டின் அட்டையில், அவருடைய புகழ்பெற்ற கவிதையில் வரும் மஞ்சள் டாஃபடில் மலர்கள் கொழித்திருக்கின்றன; அவை மார்ச், ஏப்ரலோடு முடிந்துவிடும், திட்டத்தையோ கோடை முழுவதற்கும் விற்கிறார்கள். அண்ணனும் தங்கையும் 1802 ஏப்ரல் 15 அன்று அந்த மலர்களைக் கண்டது இந்த வீடு இருக்கும் கிராஸ்மியரிலும் அல்ல, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில்.

நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் ஊரான டார்செஸ்டர் திட்டத்தில் இல்லை. கேட்டால் கூடுதல் கட்டணத்துக்குச் சேர்த்துத் தருகிறார்கள். அதற்கு அவர்கள் தேவையில்லை. வாட்டர்லூவிலிருந்து டார்செஸ்டருக்கு நேர் ரயில் இருக்கிறது, அவர் பிறந்த குடிலும் பின்னாளில் தாமே கட்டிக்கொண்ட வீடும் நேஷனல் டிரஸ்டின் பொறுப்பில்தான் இருக்கின்றன. மற்ற ஊர்களுக்கு இந்தச் சேவையை வாங்குவோர், பணம் கட்டுவதற்கு முன்பே மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது: ஊர்களின் வரிசையை மாற்ற முடியுமா, மலிவுச் சீட்டுக்குப் பதில் பாஸ் தருவார்களா, பாத்தில் ஓர் இரவைக் குறைத்து ஆல்டனில் கொடுப்பார்களா. மூன்றுக்கும் சம்மதித்தால் வாங்கலாம்.